கையில் பூசணிக்காய், கொட்டகையில் தீ

எழுபதுகளின் நடுவில், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இது. மயிலாப்பூர் குளத்திலிருந்து மந்தைவெளிப் பக்கம் போகிற ஒரு குறுகலான தெரு. அதில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு, பன்னிரண்டு குடும்பங்கள் குடியிருக்கிற மாதிரி ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எழுப்பியவன் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். திண்டிவனம் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கு வந்து, செங்கல் சுமந்து, கலவை கலந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, முப்பத்திரண்டு வயதில் ஒரு முழுக் கட்டடத்தைச் சொந்தப் பொறுப்பில் எடுத்தேன். இன்றைக்கு அடையாறிலும் தி.நகரிலும் நான் கட்டியவற்றை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரு சின்ன ஊர் ஆகும். எதிலாவது ஒரு விரிசல் காட்டுங்கள், பார்ப்போம்.

அப்போது பிளாட் என்பதே புதுசு. ஒருத்தர் தலைக்கு மேலே இன்னொருத்தர் குடியிருப்பதை ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. வீடு பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“மேலாத்துக்காரா கக்கூஸ் எங்காத்துப் பூஜை ரூமுக்கு மேல வராதோல்லியோ?”

நான் நெஞ்சில் கை வைத்து “வராதுங்க” என்று சத்தியம் பண்ணினேன். வந்துவிட்டது. முதல் மாடிச் சுவர்களை எழுப்பும்போது வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். கோடு எனக்குப் புரியும், அளவு எனக்குப் புரியும், ஆனால் அதில் எழுதியிருந்த இங்கிலீஷ் எழுத்து எந்தப் பக்கம் நின்றாலும் எனக்கு ஒன்றுதான். நாலு சுவரை இடித்துக் கட்டினோம்.

வேலையை மேற்பார்த்த எஞ்சினீயர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்றைக்கு ரொம்பத் தாழ்ந்தது.

“இதோ பாரும் மேஸ்திரி. இது ஒண்ணு. இன்னொண்ணு ஏதாவது நடந்துதோ, வேற ஆளைப் போட்டுண்டு நான் பாட்டுக்கு வேலையை நடத்திண்டு போவேன்.”

அப்படி நடந்தால் நான் மறுபடியும் இன்னொருத்தன் கீழே கரண்டி பிடிக்க வேண்டியதுதான். பாதிக் கட்டடத்தில் துரத்தப்பட்டவனை இந்தத் தொழிலில் யாரும் சீண்ட மாட்டார்கள். அதனால் அடுத்த இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டினேன். இரண்டாவது மாடிக்குத் தளம் போடும் நாள் வந்தது.

தளம் போடுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலகை அடித்து, கம்பி கட்டி, அதன் மேல் கான்கிரீட் கொட்டுவது. ஆரம்பித்தால் முடிக்கிற வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். அதற்கு வேண்டிய சிமெண்டு முழுவதும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். சிமெண்டோ அந்தக் காலத்தில் கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. பர்மிட் எழுதிப் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக எஞ்சினீயர் ஏறி இறங்கி, மூன்று மாதம் கழித்து அந்த வாரம்தான் வந்திருந்தது. நூற்றைம்பது சாக்கு மூட்டை. மனைக்கு உள்ளே ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பலகை மேல் அடுக்கி வைத்திருந்தேன். அது வீணானால் மறுபடி பர்மிட் வருவதற்குள் கட்டடத்தில் அரசமரம் முளைத்துவிடும். நானும் இருக்க மாட்டேன்.

காலையில் சித்தாள் பெண்களை வரிசையில் நிறுத்தினேன். கீழே கலவை கலக்கிற இடத்திலிருந்து, சவுக்குக் கழி கட்டிய சாரத்து வழியாக, மாடி வரைக்கும் ஆளுக்கு ஒரு படியாக நிற்பார்கள். இரும்புச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகும். அந்த வரிசைக்குத் தலைமையாக நின்று குரல் கொடுத்து வேகம் பிடிக்க வைப்பவள் ஒரு கிழவி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. நான் கையாளாக வந்த காலத்திலிருந்தே அவள் தளம் போடுகிறவள். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டதே இல்லை, நைனாதான். அது எனக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

“ஆயா, நீ இன்னிக்கு வரிசையில வேணாம். வயசாயிடுச்சு. கீழ உக்காந்து மணல் சலி.”

“இன்னா நைனா சொல்ற? தளம் போடுற நாள்ல என்னிய மணலு சலிக்கச் சொல்றியா?”

“மேஸ்திரி சொன்னா சொன்னதுதான்.”

“ஓகோ! நைனாவுக்கு மீசை நல்லாத்தான் மொளச்சிகினு கீது” என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, சல்லடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இளசாக ஒருத்தியை வரிசைக்குத் தலைமையாக நிறுத்தினேன். மணல் குவியல் சிமெண்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கிழவி என் பக்கமே திரும்பாமல் அங்கே உட்கார்ந்து பொடிப்பொடியாகச் சலித்துத் தள்ளினாள்.

தளம் போடுமுன் பூசணிக்காய் சுற்றி உடைப்பது வழக்கம். காயைத் துளைத்துக் குங்குமம் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே போட்டு உடைப்போம். கண் திருஷ்டி போய்விடும். எல்லோரும் சிறு காயாக வாங்கி, வாசலில் சுற்றி, வேலையை முடிப்பார்கள். நான் அப்படிப்பட்டவனா? கொத்தவால் சாவடிக்குக் கருக்கலில் போய், இருந்ததிலேயே பெரிய காயாக எடுத்து, ரிக்‌ஷாவில் அதற்குத் தனி இடம் கொடுத்துக் கொண்டு வந்தேன். கற்பூரம் ஒரு கட்டி போதும். நான் ஒரு டப்பாவைக் கவிழ்த்தேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று மாடியிலே, சாரத்தின் ஓரத்திலே நின்று சுற்றுவதாக அறிவித்தேன்.

கிழவி சல்லடையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “காத்து அடிக்குது. கீயவே சுத்து நைனா.”

அவள் சொன்னதாலேயே மேலே ஏறினேன்.

எஞ்சினீயர் கீழே குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு மாமி வடாம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு ஜன்னல்களில் தலைகள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? காயை இரண்டு கையாலும் ஏந்தி, பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்று, இரண்டு சுற்று... மூன்றாவது சுற்றில் கை கொஞ்சம் இலேசான மாதிரி இருந்தது. திருஷ்டி கழிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“அய்யய்யோ, கொட்டாய் பத்திக்கறதே!” என்று மாமியின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். பூசணிக்காய் என் கையில்தான் இருந்தது. மேலே கற்பூரம் இல்லை. எரிந்துகொண்டிருந்த மொத்தக் கட்டியும் சரிந்து, காற்றோடு போய், சிமெண்டுக் கொட்டகையின் கீற்று மேல் சுகமாக உட்கார்ந்திருந்தது. கத்திரி வெயிலில் காய்ந்த கீற்று. நான் “ஐயோ” என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூரையில் நெருப்பு.

இறங்கி ஓடினேன். பூசணிக்காயோடு. ஏன் அதைக் கீழே வைக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சுற்றின காயை முழுசாகக் கீழே வைக்கக் கூடாது, உடைக்கத்தான் வேண்டும். வைத்தால் கழித்த திருஷ்டி அத்தனையும் அங்கேயே குடியேறிவிடும். கொட்டகை எரிகிற நேரத்தில் இன்னொரு திருஷ்டி வேறு வேண்டுமா என்றுதான் என் புத்தி போயிற்று. ஒரு கைக்குழந்தையை அணைத்துக்கொள்கிற மாதிரி அந்தக் காயை அணைத்துக்கொண்டு, சாரத்தில் வரிசையாக நின்ற பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே வந்தேன்.

அதற்குள் பெரியாட்கள், அதாவது கலவை கலக்கிற ஆம்பிளைகள், தொட்டியிலிருந்து சட்டி சட்டியாகத் தண்ணீர் மொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு உயிரே போயிற்று.

“தண்ணி ஊத்தாதே! ஒரு சொட்டு ஊத்தினா கையை ஒடிப்பேன்!”

இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னது சரி. இதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். நெருப்புப் பட்டால் சாக்குதான் எரியும். தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற சிமெண்டு நூற்றைம்பது பாறாங்கல்லாகிவிடும்.

ஒரு பெரியாள் சட்டியும் கையுமாக நின்று கேட்டான். “தண்ணி ஊத்தாம இன்னா மேஸ்திரி ஊத்தறது? மோரா?”

மாமி மாடியிலிருந்து இறங்கி வந்து, மதில் சுவருக்கு மேலாக ஒரு பித்தளைக் குடத்தை நீட்டினார். அதையும் வேண்டாம் என்றேன்.

“என்ன மனுஷர் இவர்! நெருப்பு எரிஞ்சிண்டிருக்கு, ஜலம் வேண்டாங்கறாரே! என் வடாம் பூராக் கரி!”

எஞ்சினீயர் எழுந்து நின்றார். குடை கீழே விழுந்து கிடந்தது. “என்ன பண்ணப் போறீர் மேஸ்திரி?” என்றார். குரல் பாதாளத்தில் இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தலையில் ஒரு யோசனையும் இல்லை. கையில் பூசணிக்காய் இருந்தது. பூசணிக்காய்க்குள் தண்ணீர் உண்டு, ஆனால் அது சிமெண்டை நனைக்கிற அளவுக்குத் தண்ணீர் இல்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. இதைவிடப் பொருத்தமான சாமான் உலகத்தில் கிடையாது என்றும் தோன்றியது. அவ்வளவு பெரிய காயை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தலைக்கு மேல் தூக்கி ஒரே வீச்சில் கொட்டகைக் கூரை மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை. நட்டநடுவில் விழுந்தது. எரிந்துகொண்டிருந்த கூரையை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

அதுவரை நெருப்பு கூரையில்தான் இருந்தது. இப்போது மூட்டைகள் மேல் வந்துவிட்டது.

“த, நகரு நைனா!”

என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது. கிழவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னாங்கடி மேல நின்னுகினு வேடிக்கை பாக்குறீங்க? எறங்குங்கடி! மணலு! மணலை வாரு! ஜல்தி!”

அவ்வளவுதான். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாடிக்குப் போக வேண்டிய வரிசை அப்படியே திரும்பி, மணல் குவியலிலிருந்து கொட்டகை வாசல் வரை நின்றது. இரண்டு பேர் மண்வெட்டியால் அள்ள, சட்டி கை மாற ஆரம்பித்தது. கிழவி வாசலில் நின்று வாங்கி, நெருப்பின் மேல் விசிறினாள். காலை முழுக்க என் மேலிருந்த கோபத்தில் சலித்த மணல். கோதுமை மாவு மாதிரி இருந்தது. வீசின இடத்தில் போர்வையாக விரிந்தது. நெருப்பு மூச்சு முட்டிப் புகைந்தது.

“வாங்கு, குடு! வாங்கு, குடு!” என்று அவள் குரல் கொடுக்க, பதினாறு பெண்கள் ஒரே உடம்பாக அசைந்தார்கள்.

நான் நடுவில் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்றேன். கிழவி திரும்பிக்கூடப் பார்க்காமல், “குரல் குடுக்க நான் கீறேன். நீ வரிசைல நில்லு” என்றாள். நின்றேன். பத்து வருஷம் சட்டி தூக்கியவன்தான். ஆனால் மேஸ்திரியாகி நாலு வருஷத்தில் கை மறந்துவிட்டிருந்தது. முதல் சட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன். எனக்கு அடுத்து நின்ற இளசு, “மேஸ்திரி, கை ஓடலியா? மணல் சலிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். அதற்குள் அடுத்த சட்டி வந்துவிட்டது.

கால் மணி நேரம் இருக்கும். நெருப்பு அடங்கிவிட்டது. மேல் வரிசையில் ஏழெட்டு மூட்டைகளின் சாக்கு கருகி, வெடித்து, சிமெண்டு கொட்டியிருந்தது. மற்றவை மணலுக்கடியில் பத்திரம். கருகின மூட்டைகளை இழுத்து வெளியே போட்டதில் என் தலை, மீசை, சட்டை எல்லாம் சிமெண்டுத் தூசி.

அப்போது தெருமுனையில் மணி அடித்தது. மாமி வீட்டுக்காரர் போன் பண்ணி வரவழைத்த தீயணைப்பு வண்டி. வந்த வேகத்தில் குழாயைப் பிரித்தார்கள். புகை வந்துகொண்டிருந்ததே, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ஓடிப்போய்க் கொட்டகை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“தண்ணி வேணாங்க! கும்பிட்டுக் கேக்கறேன், ஊத்தாதீங்க!”

வண்டியில் வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “யோவ், இருபது வருசமா நெருப்பணைக்கிறேன். தண்ணி ஊத்தாதேன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். கொட்டகை மேல் ஒரு சொட்டு விழவில்லை. நான் குறுக்கே நின்றேனே! அத்தனையும் என் மேல்தான். அதிகாரி நிறுத்தச் சொன்னார். கிழவி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிப் போய், “தொட்டுப் பாருங்க சாமி, சூடு இருந்தா ஊத்துங்க” என்றாள். அவர் மணலில் கையை விட்டு ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்து கிடந்த கீற்றுச் சாம்பலை மட்டும் நனைத்தார். போகும்போது கிழவியிடம், “எங்க வேலைக்கு வரியா ஆயா?” என்று கேட்டார். “தளம் போடணும் சாமி, நேரமில்ல” என்றாள்.

சிமெண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்குள் நானே சாட்சியாகிவிட்டேன். அந்த வெயிலில் மீசை கல்லாக இறுகிவிட்டது. நாலு நாள் கழித்து நாவிதர் அதை வெட்டவில்லை, உடைத்தார்.

அந்தக் கோலத்தில் நின்றுகொண்டிருந்த என்னிடம் எஞ்சினீயர் வந்தார். மூட்டைகளை எண்ணிப் பார்த்திருந்தார். தளத்துக்குப் போதும்.

“மணலைப் போடணும்னு யாருக்குத் தோணித்து?”

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கிழவி நாலடி தள்ளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். என் மனசில் அப்போது அவரது பழைய வாக்குத்தான் ஓடியது: இன்னொண்ணு நடந்தா வேற ஆள். வாய் தானாகத் திறந்தது.

“நான்தாங்க.”

எஞ்சினீயர் கிழவி பக்கம் பார்த்தார். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

“ஆமா சார், மேஸ்திரிதான். மொதல்ல பூசணிக்காயைப் போட்டதும் அவருதான்.”

முதலில் சிரித்தது மதிலுக்கு மேலிருந்த மாமி. பிறகு அத்தனை பேரும். எஞ்சினீயர் இருமல் வந்த மாதிரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது. “ஆரம்பியும் மேஸ்திரி. வெயில் ஏறிண்டிருக்கு” என்றார்.

அவளுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். என்னைச் சிரிப்பாகச் சிரிக்கவிட்டுக் காப்பாற்றிவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக மேஸ்திரி என்று சொன்னதும் அப்போதுதான்.

நான் அவளிடம் போய், “ஆயா, வரிசைக்கு நீயே தலைமையா நில்லு” என்றேன். “அத்த நீ சொல்லணுமா நைனா?” என்று கேட்டுவிட்டுச் சாரத்தில் ஏறினாள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் தளம் முடிந்தது. இன்றுவரை ஒழுகவில்லை. யாருடைய பூஜை அறைக்கு மேலும் கக்கூஸ் இல்லை.

அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு தளத்துக்கும், அவளால் ஏற முடிகிற வரை, வரிசைக்கு அவள்தான் தலைமை. பூசணிக்காயும் அவள்தான் சுற்றுவாள், தரையில், மணல் குவியல் பக்கத்தில், ஒரே ஒரு கட்டிக் கற்பூரத்தோடு. அப்புறம் வியாசர்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாள். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கதையை என் பிள்ளைகளின் கல்யாணத்தில், என் அறுபதாம் கல்யாணத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவற்றில் மணலைப் போடச் சொன்னது நான்தான். கிழவி வரமாட்டாள், பூசணிக்காய் வரவே வராது. என் பேத்திதான் இதை எனக்காக எழுதிக்கொடுக்கிறாள். நான் சொல்லச் சொல்ல, “இதுவரைக்கும் வேற மாதிரி சொன்னீங்களே தாத்தா?” என்று இரண்டு தடவை பேனாவை நிறுத்திவிட்டாள்.

என் கட்டடங்கள் எல்லாவற்றிலும் மாடிப்படி ஓரமாக மணல் நிரப்பிய சிவப்பு வாளி தொங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கொட்டிச் சலித்து நிரப்பச் சொல்வேன். போன மாதம் தீயணைப்பு ஏற்பாட்டைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருத்தர் அதில் கையை விட்டு அளைந்து, “மாவு மாதிரி இருக்கே, இதை யார் இப்படிச் சலிக்கச் சொன்னது?” என்று ஆச்சரியப்பட்டார். வழக்கம்போல் “நான்தாங்க” என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது வெற்றிலை மெல்லுகிற ஒரு வாய் என் காதுக்குப் பக்கத்தில் பூசணிக்காயைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்குகிற மாதிரி இருந்தது. “எனக்குத் தெரிஞ்ச ஒரு சித்தாள் அம்மா சொன்னதுங்க” என்றேன்; இத்தனை கட்டடம் கட்டியதில் எனக்கு வராத களைப்பு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும்.